தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும்

கடத்தூர்,
21 ஜனவரி 2024

அன்புள்ள கலைமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். அங்கே குளிர் எப்படி? மப்ளர் கட்டிக்கொள்கிறாயா?

பொங்கல் அன்றைக்குப் போனில் நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ் வரைக்கும் கேட்டிருக்கிறது. யாருக்கோ கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து, கடித்த கரும்பைக் கையில் பிடித்தபடியே மனுசன் ஓடி வந்துவிட்டார். போனில் பேசினால் எனக்கு வார்த்தை முன்னால் வருகிறது, யோசனை பின்னால் வருகிறது. ஆகவே இந்த விஷயத்தை இனி நாம் கடிதத்தில்தான் பேசுவோம். வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்பாதே, திறக்க மாட்டேன்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருவிழாவுக்கு லைன் கொடுக்கக் கம்பம் ஏறியிருக்கிறேன், கோயில் படி ஏறியதில்லை. உன் அம்மாவும் அப்படித்தான். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டதோடு எங்கள் கல்யாணம் முடிந்தது. அதற்காக என் அப்பா வத்தல்மலை அடிவாரத்தில் ஊர் ஜனம் பார்க்க, "இனிமே உன் பேருக்கு முன்னால என் எழுத்தைப் போட்டுக்காத" என்று சொன்னார். நானும் ரோஷக்காரன், போடவில்லை. ஆபீஸ் ஏடுகளில் என்ன இருந்தாலும் கையெழுத்து இன்று வரைக்கும் வெறும் முனிராஜ்தான். உனக்காவது ஒழுங்காக இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடம் மல்லுக்கட்டி, உன் அம்மா காவேரியின் எழுத்து முதலில், என் எழுத்து அடுத்து என்று உன்னைக் கா.மு. கலைமதி ஆக்கினேன்.

அப்படி வளர்த்த பெண், யூத மதத்தில் சேரப் போகிறேன் என்கிறாய். சாமியே வேண்டாம் என்று இருந்த வீட்டிலிருந்து போய், சாப்பிடுவதற்கும் தூங்குவதற்கும் சட்டம் வைத்திருக்கிற இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாய்!

பையன் யார்? அதை மட்டும் ஏன் மறைக்கிறாய்? பையனுக்காக என்றால் எனக்குப் பாதியாவது புரியும். நாங்களும் காதலித்தவர்கள்தான்.

ஒன்று செய். தெரியாத விஷயத்தை மறுக்கக் கூடாது என்பாள் உன் அம்மா. அவர்களுடைய சட்டம் என்ன, சிந்தனை என்ன, எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் எந்தெந்தப் புத்தகம் படிக்க வேண்டும், சொல். எல்லாவற்றையும் படித்துவிட்டுக் காரணத்தோடு வேண்டாம் என்று சொல்கிறேன்.

உன் அப்பா,
முனிராஜ்


மான்செஸ்டர்,
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மப்ளர் கட்டிக்கொள்கிறேன். நீங்களும் காலையில் காதை மூடிக்கொண்டு நடக்கப் போங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! கோபத்தில் எழுதினாலும் கோடு போட்ட மாதிரி நேராகத்தான் போகிறது.

பையன் யாரும் இல்லை அப்பா. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

என்னோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற மிரியம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர்களுக்கு வெள்ளி சாயங்காலம் தொடங்கி சனிக்கிழமை இருட்டும் வரை ஓய்வு நாள். சாப்பாட்டின் நடுவில் அவள் அப்பா ஒரு புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு வரியைப் படித்தார். மிரியம் "தப்பு" என்றாள். அவள் அம்மா கரண்டியால் மேசையைத் தட்டினார். தம்பி எழுந்து நின்றே கத்தினான். குடும்பச் சண்டை, நாம் கிளம்புவதுதான் மரியாதை என்று நான் என் குளிர்க் கோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "உக்காரு, இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்" என்றாள் மிரியம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். ஏனென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நம் வீட்டுச் சனிக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா? நூலகத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த புத்தகத்தில் அம்மா ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். ஒருத்தர் புத்தகத்தின் கட்சி, இன்னொருத்தர் எதிர்க்கட்சி. நான் நடுவர். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். "நிரூபி, முனிராஜ்" என்பார் அம்மா, கணக்கு டீச்சர் குரலில். பக்கத்து வீட்டு அக்காக்கள் எல்லாம், புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற பொம்பளை என்று ஜன்னலில் நின்று கேட்பார்கள். களி தட்டில் காய்ந்து போகும். நீங்கள் தோற்றாலும் ஒத்துக்கொள்ளாமல், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவீர்கள். அதுதான் நீங்கள் ஒத்துக்கொண்டதற்கு அடையாளம்.

அந்தச் சத்தத்தை நான் இங்கேதான் மறுபடியும் கேட்டேன்.

இரண்டு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். மெல்லிய நீல அட்டை, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றியது. முதலில் அதைப் படியுங்கள். தடியானது, ஓய்வு நாளின் சட்டங்கள். அதில் மின்சாரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது, உங்களுக்காகவே தேடி எடுத்தேன். தயவுசெய்து கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இதற்காக அம்மாவிடம் எவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறீர்கள்!

உங்கள் மகள்,
கா.மு. கலைமதி


கடத்தூர்,
17 மார்ச் 2024

அன்புள்ள கலைமதிக்கு,

புத்தகங்கள் வந்தன. அம்மாவின் அகராதியைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஓரத்தில் அவள் பென்சிலால் போட்ட புள்ளிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

நீல அட்டையில் அவர்களுடைய பழைய சட்ட நூலின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் பழைய வாதம். சுற்றிலும் ஓரத்தில், அதற்குப் பல நூறு வருஷம் கழித்து வந்தவர்கள் பொடி எழுத்தில் விளக்குகிறார்கள், மறுக்கிறார்கள். தோற்றுப்போன கருத்தைக் கூட அடிக்காமல், இன்னார் இதை ஏற்கவில்லை என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் பகுத்தறிவு இயக்கக் கூட்டத்தில் மாற்றுக் கருத்து சொன்னவனை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டோம். இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

ஓய்வு நாள் புத்தகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு நெருப்பு மூட்டக் கூடாது, அதனால் சுவிட்ச் போடக் கூடாதாம். நான் சும்மா இருப்பேனா? குண்டு பல்பில் கம்பி பழுக்கிறது, அது நெருப்பு, சரி. எல்.இ.டி.யில் நெருப்பு எங்கே இருக்கிறது? நோட்டுத் தாளில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், நான் எழுதியதையே ஒருத்தர் எனக்கு முன்னால் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னொருத்தர், நெருப்பு இல்லாவிட்டாலும் அறுந்த சர்க்யூட்டைச் சேர்த்து முழுசாக்குவது கட்டுமான வேலைதானே, அதுவும் கூடாது என்கிறார். அட, அந்த மனுசன் மட்டும் எங்கள் ஆபீசில் இருந்திருந்தால்! எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

ஆரோக்கியராஜ் தினமும் வந்து, எது வரைக்கும் படித்தாயிற்று என்று கேட்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அல்லவா, "கவலைப்படாதீங்கண்ணே, பாப்பா எங்க பாட்டன் வூட்டுக்குத்தான் போவுது" என்று சொல்லிச் சிரிக்கிறார். இரண்டு பேருமாகச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தோம்.

வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் சனிக்கிழமை இந்த வீட்டில் சத்தமாகப் படித்து வெகு காலம் ஆகிவிட்டது. நேற்று வாய்விட்டுப் படித்தேன்.

தடிப் புத்தகத்தின் கடைசியில், மேலும் படிக்க என்று சில புத்தகங்களைச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தைப் பற்றிய சட்டங்கள் என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர், கல்யாணம், மதத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாம் அதில்தானாம். எனக்கு அதைத்தானே நீ முதலில் சொல்லியிருக்க வேண்டும்? என்னோடு வேலை பார்த்த நவநீதனின் பையன் பெங்களூரில் இருக்கிறான், வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா,
முனிராஜ்


மான்செஸ்டர்,
5 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மிரியம் வீட்டு மேசையில் மொழிபெயர்த்துப் படித்தேன். எல்.இ.டி. கேள்விக்கு அவள் அப்பா உங்கள் கட்சி, தம்பி எதிர்க்கட்சி. கடைசியில் அவள் அப்பா, "காரணம் எதுவாயிருந்தாலும், இத்தனை காலமாக எல்லோரும் அன்றைக்குச் சுவிட்சைத் தொடாமல் இருந்துவிட்டோம், அந்தப் பழக்கத்துக்கும் ஒரு மரியாதை உண்டு" என்றார். இதை நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று அவரிடம் சொன்னேன். உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் எனக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மூன்று பேர் கொண்ட சபை கேள்வி கேட்கும். அவர்களுக்குத் திருப்தியானால், அதற்கென்று உள்ள நீர்த்தொட்டியில் முழுகி எழ வேண்டும். அவ்வளவுதான் சடங்கு.

அப்பா, ஒன்று கேட்கிறேன். குடும்பச் சட்டப் புத்தகத்தை மட்டும் இப்போது வாங்க வேண்டாம். நான் லீவில் வரும்போது கையோடு கொண்டு வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். அதற்குள் வந்துவிட்டால், முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். இந்த ஒரு தடவையாவது.

உங்கள் மகள்,
கா.மு. கலைமதி


கடத்தூர்,
12 மே 2024

கலைமதிக்கு,

புத்தகம் வந்தது. கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படித்தேன். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு வேறு எதைப் படிப்பேன்?

மதத்தில் புதிதாகச் சேர்ந்தவர் அன்றைக்குப் பிறந்த குழந்தைக்குச் சமம் என்று போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு சடங்குகளில் உன்னைக் கூப்பிடும்போது அவர்களுடைய ஆதிப் பாட்டன் பாட்டியான ஆபிரகாமுக்கும் சாராவுக்கும் மகள் என்று கூப்பிடுவார்களாம். கல்யாணம் நடந்தால் அந்தப் பத்திரத்திலும் அதுதானாம்.

அப்படியானால் காவேரி யார்?

சாகும்போது கூட உன் பரீட்சைத் தேதியைக் கேட்டுக்கொண்டு கிடந்தவள் யார்? அவளுக்கு இருந்தது ஒரே ஒரு மகள். வேறு எதையும் அவள் இந்த உலகத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை. அந்த ஒரு எழுத்தையும் அழித்துவிட்டு, எந்தக் காலத்திலோ இருந்த யாரோ ஒருத்தரின் பெயரைப் போட்டுக்கொள்வாயா? எனக்கு மேலே ஒருத்தர் எழுத்தைப் பிடுங்கினார். கீழே நீ.

இது தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் சுவிட்சையும் பல்பையும் காட்டி விளையாட்டுக் காட்டினாயே, அதுதான் தாங்கவில்லை.

இனி எனக்குப் புத்தகம் எதுவும் சொல்ல வேண்டாம்.

முனிராஜ்


மான்செஸ்டர்,
2 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் "உன் அப்பா" என்று போடாமல் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்.

பயந்துதான் சொல்லவில்லை. வாதத்தில் நீங்கள் இவ்வளவு ஆசையோடு இறங்கியிருந்தீர்கள், அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அம்மா போன பிறகு உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை.

குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். அம்மா போன பிறகும் நீங்கள் நூலகத்துக்குப் போனீர்கள், புத்தகம் கொண்டு வந்தீர்கள். உங்கள் அறையில் தனியாகப் படித்தீர்கள். நான் சமையலறையில் தனியாகச் சாப்பிட்டேன். யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. யாரும் தோற்கவும் இல்லை. பாத்திரத்தை நான்தான் கழுவினேன். பிளஸ் டூவிலிருந்து காலேஜ் முடிகிற வரைக்கும், தோற்காமலேயே கழுவிக்கொண்டிருந்தேன் அப்பா. உங்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வலித்தது.

நீங்கள் தாண்டிவிட்டுப் போன, கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தைப் படியுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் தன்னைப் பெற்ற தகப்பனை அவமதிக்கக் கூடாது, முன்பு போலவே மரியாதை செய்ய வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. இறந்துபோன தாய்க்காக அவர்களுடைய நினைவுப் பிரார்த்தனையைச் சொல்லவும் இடம் இருக்கிறது. அம்மா அதைக் கேட்டால் சிரிப்பார் என்பது தெரியும். ஆனாலும் வருஷத்தில் ஒரு நாள் எழுந்து நின்று அம்மாவை நினைக்க எனக்கு ஓர் இடம் கிடைக்கும்.

பாஸ்போர்ட்டிலும் ஆஸ்பத்திரி அட்டையிலும் நான் கா.மு.தான், மாற்றப் போவதில்லை. அந்தச் சபையில் கூப்பிடுகிற பெயர் மட்டும் வேறு. அதை என்னால் மாற்ற முடியாது, உங்களுக்காகப் பொய் சொல்லவும் மாட்டேன்.

நான் போகத்தான் போகிறேன். தாத்தா உங்களை விட்டது போல நீங்கள் என்னை விட்டுவிட்ட பிறகு போகக் கூடாது என்றுதான் கேட்கிறேன். செப்டம்பருக்கு முன்னால் ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கா.மு. கலைமதி


மான்செஸ்டர்,
28 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வரவில்லை. ஆரோக்கியராஜ் மாமாவுக்குப் போன் செய்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நன்றாக இருக்கிறீர்கள், ஆனால் பேச்சைக் குறைத்துவிட்டீர்கள் என்றார். நீங்கள் புத்தகங்களைப் பரண் மேலே தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கின்றன என்றார். அதைக் கேட்ட பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

கலைமதி


கடத்தூர்,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கலைமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம்.

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் மட்டும் இல்லை. பாத்திர விஷயத்தை நீ எழுதியதைப் படித்த பிறகு கொஞ்ச நாளைக்குப் பேனாவைத் தொடவே முடியவில்லையம்மா. அந்தச் சமையலறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் நீ நிற்கிற மாதிரியே இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை. சாயங்காலம் களி கிண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. ஆரோக்கியராஜைக் கூப்பிட்டு உன் இடத்தில் நடுவராக உட்கார வைத்தேன். நீ சொன்ன அந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்து, என் கட்சியை எழுந்து நின்று பேசினேன். எழுத்து போனால் பிள்ளை போயிற்று, அவ்வளவுதான் என் வாதம். நன்றாகவே பேசினேன், ஆரோக்கியராஜ் கூடத் தலையை ஆட்டினார். பிறகு, காவேரியின் கட்சியையும் பேச வேண்டுமே. அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் அவள் என்ன கேட்பாள் என்று தெரிந்துவிட்டது. நான் யோசித்துச் சொன்னது இல்லை கலைமதி, அவள் குரலிலேயே வாயில் வந்தது. "நிரூபி, முனிராஜ். உங்கப்பன் எழுத்தைப் புடுங்கிட்டாரு, சரி. அவரு செத்த சேதி வந்தப்ப, கம்பத்துல இருந்து எறங்கி, செருப்பு கூடப் போடாம வத்தல்மலை அடிவாரத்துக்கு ஓடினியே. பாடையில தோள் குடுத்துட்டு வந்து என் மடியில விழுந்து அழுதியே. அன்னைக்கு அழுதது யாரு? அவருக்குப் புள்ள இல்லைன்னா, நீ யாரு?"

என் நாற்காலிக்குத் திரும்பிப் போய்ப் புத்தகத்தை மூடினேன். ஆரோக்கியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணிதாங்க ஜெயிச்சாங்க" என்றார்.

ஆகவே போய் வா. கேள்வி கேட்கிற மூன்று பேரிடமும் பயப்படாமல் பதில் சொல். நீ நடுவராக இருந்து வளர்ந்தவள், அவர்களுக்குப் புரியும். உன்னை ஆபிரகாமின் மகள் என்று கூப்பிடட்டும், பெரும்பான்மை முடிவு அப்படித்தான் என்றால் நான் மறியல் செய்யப் போவதில்லை. ஆனால் மறுப்பையும் ஓரத்தில் பெயர் போட்டு எழுதி வைப்பது அவர்கள் வழக்கம் அல்லவா? என் மறுப்பை நீ எங்கேயாவது எழுதி வை, உன் புத்தகத்தின் ஓரத்தில் இருந்தாலும் போதும். கடத்தூர் முனிராஜ் இதை ஏற்கவில்லை, இவள் காவேரியின் மகள் என்கிறார் என்று எழுது. அதை யாரும் அடிக்கக் கூடாது.

என் அப்பா எடுத்துக்கொண்ட மாதிரி நான் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த இரண்டு எழுத்தும் உனக்குக் கொடுத்ததுதான்.

மிரியத்தின் அப்பாவிடம் சொல், பழக்கத்துக்கு மரியாதை என்கிற வாதத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேரில் வந்தால் பேசலாம்.

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவிவிட்டேன்.

உன் அப்பா,
முனிராஜ்

பின்குறிப்பு: களிச் சட்டி அடிப்பிடித்துவிட்டது, தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது. மூன்று புத்தகத்தையும் முடித்துவிட்டேன். அடுத்து எதைப் படிக்கட்டும்?